டிராக்டர் இழுத்துவிடும், நிறுத்துமா?

திருநீர்மலை என்ற பெயரே அந்த ஊர் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடும். மலையைச் சுற்றி நீர் நின்றதால் அது நீர்மலை. திருமங்கையாழ்வார் வந்தபோது வெள்ளம் வடியும்வரை ஆறு மாத காலம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று தல வரலாறு கூறுகிறது. இன்று மலையடிவாரம் வரை வீடுகள் வந்துவிட்டன. 2021ல் ஊரும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆயினும் அங்கிருந்து மேற்கே குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம் என்று போனால் ஏரியும் வயலும் இன்னும் இருக்கின்றன. கோடையில் ஏரி வற்றியதும், உரிய அனுமதி பெற்று வண்டல் மண்ணை அள்ளி வயலில் கொட்டுவது செங்கற்பட்டுச் சீமையின் பழைய வழக்கம். முன்பு மாட்டு வண்டியில் நடந்த அந்த வேலை இப்போது டிராக்டர் பெட்டியில் நடக்கிறது.

வண்டல் ஏற்றும் இடத்தில் ஒரு பேச்சு எப்போதும் காதில் விழும். "போதும்ணே, பெட்டி நிறைஞ்சிடுச்சு" என்பார் மண் அள்ளும் ஆள். "இன்னும் பத்து கூடை போடுப்பா, நாற்பத்தஞ்சு எச்.பி. வண்டி, இழுத்துடும்" என்பார் டிராக்டர்காரர்.

அவர் சொல்வது பொய்யல்ல. பெரும்பாலும் இழுத்துத்தான் விடுகிறது. ஆனால் ஏரிக்கரைமேல் ஏறி மறுபக்கம் இறங்கும்போது அதே டிராக்டர் அந்தப் பாரத்தைத் தாங்கி நிறுத்துமா என்பது வேறு கேள்வி. விற்பனைக் கடையின் விளம்பரத் தாளில் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு விவசாயியே கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கு கடினமானதல்ல.

நாற்பத்தைந்து எங்கே போகிறது?

விளம்பரத்தில் 45 குதிரைச் சக்தி என்று போட்டிருந்தால் அது எஞ்சின் தரும் சக்தி. கொக்கியில் கிடைக்கும் சக்தி அதுவல்ல. எஞ்சினிலிருந்து கியர் பெட்டி, பின் அச்சு, டயர் என்று வரும் வழியில் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கரைந்துவிடுகிறது. கதிரடிக்கும் இயந்திரத்தையோ பம்பையோ ஓட்டும் பி.டி.ஓ. தண்டில் ஏறத்தாழ 38 கிடைக்கும். கான்கிரீட் தளத்தில் ஓட்டினால் கொக்கியில் 33 அளவில் கிடைக்கும். உழுத வயலில் அதே டிராக்டரின் கொக்கியில் 25 கிடைத்தால் அதிகம். மண் எவ்வளவு இளகியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் வழுக்கும்; வழுக்குவதிலேயே டீசல் எரிந்து போகும்.

இதை மறைத்துவைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க டிராக்டர்களுக்கு இரண்டு எண்களைச் சேர்த்தே பெயரிட்டார்கள். 'வாட்டர்லூ பாய்' என்ற டிராக்டர் 12-25 என்று விற்கப்பட்டது. முதல் எண் கொக்கியில் இழுக்கும் சக்தி. இரண்டாவது எண் பெல்ட் போட்டு வேறு இயந்திரத்தை ஓட்டும் சக்தி. இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தை வாங்குபவர் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இன்றைய விளம்பரம் பெரிய எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சின்ன எண்ணை விட்டுவிட்டது. வாங்குபவர் அதைக் கேட்டுத்தான் பெறவேண்டியிருக்கிறது.

ஏமாந்த விவசாயி போட்ட சட்டம்

அந்தக் காலத்திலும் எண்கள் நேர்மையாகவே இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்று ஒரு விவசாயி இருந்தார். 'ஃபோர்டு' என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். கார் செய்யும் ஹென்றி ஃபோர்டுக்கும் அந்த டிராக்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃபோர்டு என்ற பெயருடைய ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மின்னியாபொலிஸ் நகரத்தில் ஒரு கம்பெனி அந்தப் பெயரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தது. வண்டி வேலைக்கு ஆகவில்லை. அதற்குப் பிறகு வாங்கிய வேறொரு டிராக்டரும் சரிப்படவில்லை. மூன்றாவதாக வாங்கிய ரூம்லி டிராக்டர் சொன்ன வேலையைவிட அதிகமாகவே செய்தது. சொன்னபடி செய்யும் டிராக்டரைச் செய்ய முடியும் என்றால் மற்றவர்களும் ஏன் சொன்னபடி செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

குரோசியர் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1919ல் ஒரு சட்டம் நிறைவேறியது. நெப்ராஸ்காவில் விற்கும் புதிய டிராக்டர் எதுவானாலும் முதலில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்படவேண்டும். முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும். கம்பெனி மாநிலத்துக்குள்ளேயே உதிரிப் பாகங்களும் வைத்திருக்கவேண்டும். சோதனை முடிவில் தனக்குச் சாதகமான வரியை மட்டும் பிய்த்தெடுத்து விளம்பரம் செய்யவும் கூடாது. 1920ல் முதல் சோதனையில் தேறியது மேலே சொன்ன வாட்டர்லூ பாய்தான். லிங்கன் நகரில் உள்ள அந்தச் சோதனைச் சாலையின் பெயர் பின்னர் உலகம் முழுவதும் பரவியது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955ல் டிராக்டர் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையமாக இருக்கிறது. டிராக்டர் மாடல்களை அங்கே சோதித்து அறிக்கை வெளியிடுகிறார்கள். பி.டி.ஓ. சக்தி எவ்வளவு, கொக்கியில் இழுவை எவ்வளவு, எந்தக் கியரில் எவ்வளவு, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, டீசல் எவ்வளவு குடிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பனையாளரிடம் "புத்னி ரிப்போர்ட் காட்டுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அவரும் கொஞ்சம் மரியாதையாகவே பதில் சொல்வார். அங்கே கிடைக்காவிட்டால் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எஞ்சின் ஒரு எல்லை, டயர் ஒரு எல்லை

இழுவையைக் கிலோவில் கணக்கிடுவது எளிது. ஒரு குதிரைச் சக்தி என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் வேலை. கொக்கியில் 30 குதிரைச் சக்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிராக்டர் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் கொக்கியில் சுமார் 320 கிலோ இழுவைதான் இருக்கும். கியரைக் குறைத்து 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது 1,600 கிலோவாகப் பெருகும். வேகம் குறையும்போது இழுவை கூடுவது இப்படித்தான்.

ஆனால் அந்த 1,600 கிலோவைத் தரையில் ஊன்றி இழுக்க டயருக்குப் பிடிப்பு வேண்டுமே! இரண்டு டன் எடையுள்ள டிராக்டரில் பின் சக்கரங்கள்மேல் நிற்பது ஏறத்தாழ 1,300 கிலோ. நல்ல காய்ந்த தரையில் இதில் 100க்கு 60 பங்குவரை பிடிப்பாகக் கிடைக்கும். அதாவது 780 கிலோ. ஈரக் களிமண்ணில் 100க்கு 30 அல்லது 40 பங்குதான் கிடைக்கும். அதற்குமேல் எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே வேகமாகப் போகும்போது எல்லையை வகுப்பது எஞ்சின். மெதுவாகப் போகும்போது எல்லையை வகுப்பது டயர். 45 என்பதைவிட 50 என்பது பெரிய எண்தான். ஆனால் இரண்டு டிராக்டரும் ஒரே எடையாக இருந்தால் சேற்றில் இரண்டும் ஒரே அளவுதான் இழுக்கும்.

ஏரிக்கரைக் கணக்கு

இனி டிரெய்லரைப் பார்க்கலாம். பெட்டியின் சொந்த எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு சக்கர டிரெய்லர் வெறுமனே நின்றாலே ஒன்றரை டன் இருக்கலாம். மூன்றரை டன் மண் ஏற்றினால் கொக்கிக்குப் பின்னால் நிற்பது ஐந்து டன்.

இந்த ஐந்து டன்னைத் தார்ச் சாலையில் சமதளமாக இழுக்க டன்னுக்கு 25 கிலோ வீதம் 125 கிலோ இழுவை போதும். அதனால்தான் குன்றத்தூர் சாலையில் மேல் கியரில் டிராக்டர் சிரமமே இல்லாமல் ஓடுகிறது. "எவ்வளவு போட்டாலும் இழுக்குது" என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. வண்டி இளகிய ஏரித் தரைக்கு வந்ததும் டன்னுக்கு 100 முதல் 150 கிலோ வேண்டும். 125 கிலோ இருந்தது 500, 750 என்று ஆகிவிடும்.

கரையில் ஏறும் பாதை பத்தடிக்கு ஓர் அடி உயர்கிறது என்று கொள்வோம். ஏற்றத்துக்கு மட்டும் டன்னுக்கு 100 கிலோ கூடும். கெட்டித் தரையானாலும் ஐந்து டன்னுக்கு 625 கிலோ வேண்டும். டிராக்டர் தன் சொந்த இரண்டு டன்னைத் தூக்கிக்கொண்டு ஏற 250 கிலோ வேண்டும். இரண்டும் சேர்ந்து 875 கிலோ. டயரின் பிடிப்போ 780 கிலோதான். இழுக்கும்போது முன்பக்க எடை கொஞ்சம் பின்னால் சாய்வதால் பிடிப்பு சற்றுக் கூடும். அந்தச் சலுகையில்தான் வண்டி தட்டுத்தடுமாறி ஏறுகிறது. ஆனால் பின்னால் சாய்கிற எடை முன் சக்கரத்திலிருந்து போகிற எடை. முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் பிடிக்காமல் போவதை ஓட்டுபவர்கள் அறிவார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிக்கிய டிரெய்லரை வெளியே இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டும் பழக்கம் இருக்கிறது. இது உயிருக்கு உலை வைக்கும் பழக்கம். கொக்கி அச்சுக்குக் கீழே இருக்கும்வரை இழுவை முன்பக்கத்தைக் கீழே அமுக்கி வைக்க உதவுகிறது. சங்கிலி அச்சுக்கு மேலே போனால் டிராக்டர் பின் சக்கரத்தை மையமாக வைத்து அப்படியே பின்புறம் மல்லாந்துவிடும். முன் சக்கரம் தூக்கியது தெரிந்து கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடைவெளி ஒரு விநாடிகூட இல்லை. சிக்கிய வண்டியில் பாதி மண்ணை இறக்கிவிட்டு இழுப்பதே சரி. அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

இறங்கும்போது

ஏறிய வண்டி இறங்கவேண்டும். டிராக்டரில் பொதுவாகப் பின் சக்கரங்களுக்குத்தான் பிரேக் இருக்கிறது. அதாவது பிரேக்கின் முழு பலமும் அதே பின் டயரின் பிடிப்புதான். அதே 780 கிலோதான். டிராக்டர் தனியாக ஓடினால் இந்தப் பலம் இரண்டு டன்னை நிறுத்தினால் போதும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து நாலு மீட்டரில் நிற்கும். பிரேக் இல்லாத ஐந்து டன் டிரெய்லர் பின்னால் இருந்தால் அதே பலம் ஏழு டன்னை நிறுத்தவேண்டும். நாலு மீட்டர் ஏறக்குறைய பதினாலு மீட்டராகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒன்பது மீட்டரில் நிற்கவேண்டிய வண்டி முப்பது மீட்டருக்கு மேல் போய்த்தான் நிற்கும். ஓட்டுபவர் பார்த்து, யோசித்து, காலை வைக்கும் தூரம் இதில் சேரவில்லை. பம்மல், அனகாபுத்தூர் கடைத்தெருவில் முன்னால் போகும் ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் இடையே முப்பது மீட்டர் இடைவெளி எங்கே கிடைக்கும்?

சரிவில் நிலைமை இன்னும் மோசம். பத்தடிக்கு ஓர் அடி சரிவில் ஏழு டன் வண்டியைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை 700 கிலோ. பிரேக்கின் பலம் 780. தள்ளும் விசையைச் சமாளிப்பதிலேயே பிரேக் பலம் ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிடுகிறது. வேகத்தைக் குறைக்க மிச்சம் ஒன்றும் இல்லை. மண் ஈரமாக இருந்தால் அந்த 780ம் கிடைக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். பின்னால் வரும் பெட்டி டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளி, கத்திரிக்கோல் மடிவதுபோல் மடித்துவிடும். ஏரிக்கரைச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்தது என்று செய்தி வரும்போது ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார் என்று எழுதுவார்கள். பல நேரங்களில் அவரிடம் கட்டுப்பாடு இருந்ததே இல்லை. மண்ணை ஏற்றியபோதே அது போய்விட்டது.

மேம்பாலச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இராது. முப்பதடிக்கு ஓர் அடி என்ற அளவில்தான் இருக்கும். அங்கும் ஏழு டன்னைத் தள்ளும் விசை 230 கிலோ. பைபாஸ் ஓரம் இறங்கும் இடங்களில் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இறங்குவதற்கு முன்பே, மேட்டின் உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிடவேண்டும். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். பாதியில் கியர் மாற்ற முயன்றால் கியர் விழாமல் போகலாம்; அப்போது வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சமாகும் டீசலை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். இன்னொன்று, வயலில் குறுகத் திரும்புவதற்காக இடது, வலது பிரேக் மிதிகளைத் தனித்தனியாக விட்டிருப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் தாழைப் போடாவிட்டால், அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்து வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும்.

பவர் டில்லரில் சின்னப் பெட்டி மாட்டி ஓட்டுகிறவர்கள் வேறொன்றும் தெரிந்துகொள்ளவேண்டும். சமதளத்தில் இடது பக்கக் கிளட்சை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது அதே இடது கிளட்சை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தை விடுவித்தால் அது வேகமாக உருளுவதே காரணம். பழக்கமில்லாதவர் பள்ளத்தைத் தவிர்க்க நினைத்துப் பள்ளத்திலேயே இறக்கிவிடுவார். எனவே பாரத்தோடு சரிவில் இறங்கும்போது பக்கக் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்பவேண்டும். வேகமும் நடை வேகத்துக்கு மேல் கூடாது.

ஒரு யூனிட் எத்தனை டன்?

பெட்டி நிறைந்தால் பாரம் சரி என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தொடக்கம். பெட்டி கன அடியில் அளக்கிறது. கொக்கி டன்னில் தாங்குகிறது. நூறு கன அடியை ஒரு யூனிட் என்கிறோம். ஒரு யூனிட் தொழு உரம், நன்றாக மக்கி ஓரளவு உலர்ந்தது என்றால், ஒன்றே முக்கால் டன் அளவில் இருக்கும். நெல்லைக் கொட்டினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதே ஒரு யூனிட் மணல் நாலரை டன். ஈர வண்டல் அதற்கும் மேல். ஐந்து டன்னை நெருங்கும். பெட்டி எடையையும் சேர்த்தால் ஆறு டன்னைத் தாண்டுகிறது. மேலே போட்ட கணக்கு ஐந்து டன்னுக்கு என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

வைக்கோலின் கதை நேர் எதிரானது. எடை இல்லை, உயரம்தான் ஆபத்து. பெட்டிக்கு மேல் ஆள் உயரம் வைக்கோல் ஏறினால் சின்னப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் சாயும். தாழ்ந்த மின் கம்பியிலும் உரசும்.

வண்டல் அடிக்கும்போது ஒரு நாள் காய விட்டு ஏற்றினால் தண்ணீரைச் சுமக்கும் கூலி மிச்சம். பெட்டியின் பக்கப் பலகையில் உள்பக்கமாக ஒரு கோடு போட்டு, மண்ணுக்கு இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது. எருவுக்குப் பெட்டி நிறைய, மண்ணுக்குப் பாதி என்பது மோசமான கணக்கல்ல.

குட்டி யானையும் பிக்கப்பும்

கீரையும் கத்தரிக்காயும் கோயம்பேட்டுக்குப் போவது டிராக்டரில் அல்ல, குட்டி யானையில். 2005ல் டாட்டா கம்பெனி வெளியிட்ட ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது. பெயரில் யானை இருப்பதால் யானைப் பாரம் ஏற்றலாம் என்று ஆகாது. அந்த வண்டி 750 கிலோ சுமக்கும் வண்டியாக வந்தது. 75 கிலோ நெல் மூட்டை பத்து ஏற்றினால் 750 கிலோ. ஆனால் வண்டியின் மொத்த எடைக் கணக்கில் ஓட்டுநரும் உடன் வரும் ஆளும் அடக்கம். இருவருக்கும் 130 கிலோ கழித்தால் மிச்சம் 620. எட்டு மூட்டைதான். பின்னால் இரும்புக் கூண்டு கட்டியிருந்தால் அதன் எடையும் கழியும்; ஏழு மூட்டையாகிவிடும். பதினைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகளைச் சாலையில் தினமும் பார்க்கலாம். எஞ்சின் இழுக்கிறது. டயரும் பிரேக்கும் வேறு எடைக்குச் செய்யப்பட்டவை.

பெரிய பிக்கப் வண்டிகளின் பெயரிலேயே 1.3, 1.7 என்று டன் கணக்கு வருகிறது. அந்த எண்ணையும் இப்படியே கழித்துப் பார்க்கவேண்டும். இந்த வண்டிகளின் பின்னால் இருக்கும் வளையமோ கொக்கியோ பழுதாகி நின்ற வண்டியைக் கட்டி இழுக்கத்தான். டிரெய்லர் மாட்டி ஓட்டலாம் என்று வண்டியோடு தரும் கையேட்டில் எழுதியிருந்தால் ஒழிய மாட்டக்கூடாது.

அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் குதிரைப் பெட்டியும் படகும் மாட்டி இழுப்பது சாதாரணம். அங்கேயும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் சோதித்து, "எங்கள் வண்டி உங்கள் வண்டியைவிட அதிகம் இழுக்கும்" என்று பல ஆண்டுகள் போட்டி போட்டன. 2008ல்தான் வாகனப் பொறியாளர் சங்கம் எல்லோருக்கும் ஒரே சோதனை முறையை வகுத்தது. இத்தனை நேரத்தில் இவ்வளவு வேகம் எடுக்கவேண்டும், அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகில் உள்ள நீண்ட ஏற்றத்தில் குறிப்பிட்ட வேகத்தோடு ஏறவேண்டும், இவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று அதில் இருந்தது. டொயோட்டா முதலில் அதை ஏற்று 2011 மாடலுக்குச் சோதித்தது. அதன் டண்ட்ரா வண்டியின் இழுவை எண்கள் முந்திய ஆண்டைவிடக் குறைந்தன. வண்டி அதே வண்டிதான். அளந்த கோல்தான் மாறியது.

ஆர்.சி.யில் உள்ள எண்

விளம்பரம் கடையோடு போய்விடும். சாலையில் பேசுவது ஆர்.சி. புத்தகம். அதில் வெற்று எடை, பாரத்தோடு மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய பாரம், ஆட்கள் உட்பட. டிரெய்லருக்கும் தனியே பதிவு உண்டு. தனியே எண் உண்டு. டிராக்டருக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு டிரெய்லரைச் சேர்க்காமல் விட்டவர்கள் விபத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் நஷ்ட ஈட்டைத் தாங்களே கட்ட நேர்ந்ததுண்டு. பாலிசியில் டிரெய்லர் எண் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்கவேண்டும்.

அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று சொல்கிறது. அதிகப் பாரத்தை இறக்கும்வரை வண்டியை நகர்த்தவும் விடமாட்டார்கள். ஒரு நடை மிச்சம் பிடிக்க நினைத்தவர் பல நடைக் கூலியை அங்கே இழப்பார். விவசாய டிராக்டர் என்று பதிவு செய்துவிட்டுச் செங்கல்லும் ஜல்லியும் வாடகைக்கு அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. விவசாயத்துக்கு என்று பதிந்த வண்டி வேறு வேலையில் விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வது அந்த முரண்பாட்டைத்தான்.

வாங்கப் போகிறவருக்கு

சிறு விவசாயிக்குப் பெரிய எண் எப்போதும் லாபமல்ல. ஐந்து ஏக்கர் உழவும், ஆண்டுக்கு இருபது முப்பது நடை எருவும் வண்டலும்தான் வேலை என்றால், ஐந்து குதிரைச் சக்தி கூடுதலாகக் கொடுத்து வாங்கும் டிராக்டர் கடன் தவணையைத்தான் கூட்டும். அந்தப் பணத்தில் பிரேக் உள்ள டிரெய்லர் வாங்கலாம். பெட்டி செய்யும் பட்டறைகளில் பிரேக் வைத்துத் தரச் சொன்னால் விலை கொஞ்சம் கூடும் என்பதால் பலரும் கேட்பதில்லை. மேலே சொன்ன ஏழு டன் கணக்கில் டிரெய்லர் சக்கரமும் தன் பங்குக்குப் பிடித்தால் பதினாலு மீட்டர் பாதிக்கும் கீழே வந்துவிடும். வேறு எந்தச் செலவிலும் இவ்வளவு பலன் கிடைக்காது. வாடகைக்கு டிராக்டர் அமர்த்துகிறவர்களும் நடைக்கு இவ்வளவு என்று பேசாமல் மணிக்கு இவ்வளவு என்று பேசினால், ஓட்டுபவருக்குப் பெட்டியை மலையாகக் குவிக்கவேண்டிய ஆசை குறையும்.

புது வண்டியோ பழைய வண்டியோ, பாரம் ஏற்றி ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடவேண்டும். குன்றத்தூர், பல்லாவரம் பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வெறும் பெட்டியோடு ஒரு சீட்டு, வழக்கமாக ஏற்றும் மண்ணோடு ஒரு சீட்டு. இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துவைத்தால், அடுத்த முறை மண் அள்ளும் ஆள் "போதும்ணே" என்று சொல்லும்போது அவர் சொல்வது சரியா என்று தெரிந்துவிடும்.